அக்னாலெட்ஜ்மென்ட் என்றொரு வார்த்தை

டேப் ரிகார்டரின் பட்டன் டக்கென்று விழுந்தது. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் அந்த நீளமான அறை முழுக்க என் அம்மாவின் குரல் கேட்டது.

"கொயந்த செத்துப் பூட்ச்சி. மறுநாளு கூடைய தூக்கினு யாவாரத்துக்குப் பூட்டேன்."

அம்மா என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை டாக்டர் பட்டம் வாங்குகிறார் என்று என் கல்யாணத்துக்கு எடுத்த வாடாமல்லி நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மடியில் ஒரு பை நிறைய சாத்துக்குடி. எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமாம். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பின்னால் யாரோ பேசுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் கை என் முழங்கையைத் தேடிவந்து இறுக்கிப் பிடித்தது.

கரும்பலகை அருகே என் கணவர் பாஸ்கர் சாக்பீஸோடு நின்றார். அன்று அவருடைய ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. வைவா என்பார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கச்சேரி கேட்பவரைப் போலக் கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருந்தார்.

"ஒன்ஸ் மோர் ப்ளீஸ்," என்றார். "அந்தப் 'பூட்ச்சி'யை மறுபடி கேக்கணும்."

நாடா பின்னோக்கி ஓடியது. என் அண்ணன் அந்த அறையில் இரண்டாவது முறையாகச் செத்துப்போனான்.

இதை எழுதலாமா என்று பல வாரங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்த்த அச்சகத்தைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியபோது ஒரு வாசகி, 'உங்கள் கணவர் மொழி ஆராய்ச்சியாளர் ஆயிற்றே, உங்கள் தமிழுக்கு எவ்வளவு துணையாக இருந்திருப்பார்!' என்று எழுதியிருந்தார். அந்த அம்மாளுக்கான பதில் இது. என் கணவர் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருப்பேன்.

வூடும் வீடும்

மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில், இப்ராஹிம் பாயின் அச்சகம் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு நான் அங்கே ப்ரூஃப் பார்க்கச் சேர்ந்தேன். காகிதமும் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. மாலையில் கை கழுவினாலும் சோற்றில் அந்த வாசனை வரும்.

பாஸ்கர் நகரத்துக்குள் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். ஏதோ கருத்தரங்கு மலர் அச்சடிக்க வந்தார். திருத்திய பக்கங்களை என்னிடம் நீட்டினார். "இன்னா சார், இம்மாம் கோடு போட்டு வச்சிருக்கீங்க? இத்த பாத்தா கம்போசிங் பண்றவரு வேலைய வுட்டுட்டுப் பூடுவாரு," என்றேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அதன் பிறகு வேலையே இல்லாமலும் வந்தார். "நீங்க பேசறதைக் கேட்டுட்டே இருக்கலாம்," என்றார். இருபது வயதுப் பெண்ணிடம் அப்படி ஒருவர் சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா கன்னியம்மா தாம்பரம் மார்க்கெட்டில் பழக்கூடை வைத்திருந்தாள். சீதனம் எதுவும் கேட்காமல் ஒரு வாத்தியார் பெண் கேட்டு வருகிறார் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணம் முடிந்து அஸ்தினாபுரத்தில் வாடகைக்குக் குடிபோனோம். மாமியார் எங்களோடு இருந்தார்.

போன முதல் வாரமே திருத்தம் ஆரம்பித்தது.

"வூடு இல்ல வசந்தா. வீடு."

"கீதுன்னு சொல்லாதே. இருக்கு. சொல்லு பாப்போம்."

விருந்தாளிகள் வந்தால் நான் காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். ஒருமுறை அவருடன் வேலை பார்த்தவரின் மனைவியிடம் "குந்துங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போன பிறகு பாஸ்கர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு டேப் ரிகார்டரைக் கொண்டுவந்து வைப்பார். சிநேகிதரிடம் இரவல் வாங்கியது. "இப்போ உங்க அம்மாகிட்ட பேசற மாதிரி பேசு," என்பார். பகலில் எந்த வார்த்தைக்கு என்னைத் திட்டினாரோ அதே வார்த்தையைச் சொன்னால் அப்போது முகம் மலரும். காகிதத்தில் குறித்துக்கொள்வார். சென்னைப் பேச்சைப் பற்றி ஆராய்ச்சி என்று தெரியும். ஆனாலும் நான் அதை ஆசை என்றுதான் எடுத்துக்கொண்டேன். பகலெல்லாம் கூசிக் கிடக்கிற வாய்க்கு அந்த நேரம் மட்டும் விடுதலை. நான் பேசிக்கொண்டே இருப்பேன்.

நன்றிப் பக்கத்துச் சண்டைகள்

இங்கே அச்சகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகும் நான் அங்கே வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

புத்தகம் போடுகிறவர்கள் உள்ளே எத்தனை பிழை வந்தாலும் மன்னித்துவிடுவார்கள். முன்பக்கத்து நன்றியுரையில் ஒரு பெயர் விட்டுப்போனால் மன்னிக்கவே மாட்டார்கள். "ஏம்மா வசந்தா, புத்தகத்தை யாரும் படிக்கறதில்லம்மா. இந்த ஒரு பக்கத்தைத்தான் ஊரே படிக்குது," என்பார் இப்ராஹிம் பாய்.

சேலையூரில் குடியிருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கோயில்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். பைண்டிங் எல்லாம் முடிந்த பிறகு வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். சொந்த அண்ணன் பெயரை விட்டுவிட்டாராம். வீட்டில் அண்ணி அழுது ஊரைக் கூட்டிவிட்டாளாம். பாய் அலட்டிக்கொள்ளவில்லை. அண்ணன் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்தார். நாங்கள் மைதாப் பசை காய்ச்சி, ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டினோம். அண்ணன் சேர்ந்துவிட்டார். வேலை அவ்வளவுதான்.

ஆங்கிலப் புத்தகமானால் அந்தப் பக்கத்துக்கு அக்னாலெட்ஜ்மென்ட் என்று தலைப்பு வரும். நீளமான வார்த்தை. அச்செழுத்து கோக்கிறவர்கள் எப்போதும் ஓர் எழுத்தை விட்டுவிடுவார்கள். எனக்கு அதன் எழுத்துகள் தெரியும். அர்த்தம், நன்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிறுத்தாத மிசின்

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் எனக்குக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் யாரோடும் பேசவில்லை. பாஸ்கர் கல்லூரிக்குப் போனார், வந்தார். 'உடம்பைப் பாத்துக்கோ' என்றார். மாமியார் கஞ்சி கொடுத்தார். அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்ட சாயங்காலத்தில் அம்மா வந்தாள். பாஸ்கர் ஏற்கெனவே அவளை வரச் சொல்லியிருந்தார், பழங்களின் பெயர்களைப் பதிவு செய்ய. அம்மாவுக்கு அது ஒரு பெரிய கௌரவம். மிசினுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயப்பயம், பலாப்பயம், எலந்தப்பயம் என்று சத்தமாகச் சொன்னாள். மழை வந்தால் மார்க்கெட்டில் எப்படிச் சேறாகும், லாரி வரசொல்ல எப்படிப் போட்டி போடுவார்கள் என்றெல்லாம் கை ஆட்டிச் சொன்னாள். பாஸ்கர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அப்புறம், "போதும் அத்தை, ரொம்ப நல்லா இருக்கு," என்று எழுந்து உள் அறைக்குப் போனார். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார்.

அம்மா நகர்ந்து என் பக்கத்தில் வந்தாள். என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் மேல் கொய்யாப்பழ வாசனை அடித்தது. வெகுநேரம் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு முன்னால ஒர்த்தன் பொறந்தான் வசந்தா," என்றாள். "ஒனக்குத் தெரியாது. யாருக்கும் சொன்னதில்ல. நைனா சொல்லக்கூடாதுன்ட்டாரு. ஜொரம் வந்துச்சி. கொயந்த செத்துப் பூட்ச்சி. மறுநாளு கூடைய தூக்கினு யாவாரத்துக்குப் பூட்டேன். அடுப்பு எரியணுமே. மாருல பாலு கட்டிகினு, ஜாக்கெட்டு நனைஞ்சி, கூடைய இறக்கி வச்சிட்டு அழுதேன். அயுவு நிக்கசொல்ல ஒருத்தி வந்து பயம் இன்னா வெலன்னு கேட்டா. சொன்னேன். நீயும் எந்திரிச்சிடுவ. இன்னிக்கி வாணாம். ஒருநாளு எந்திரிச்சிடுவ."

நான் அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதேன்.

"நானும் அதுகூடவே பூட்டிருக்கலாம்மா," என்றேன்.

அவள் என் வாயைப் பொத்தினாள்.

மிசின் எங்களுக்குப் பின்னால், தரையில் விரித்திருந்த பாயின் ஓரத்தில் இருந்தது. பட்டன் அழுந்தித்தான் இருந்தது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை. அவர் மறந்துபோய் விட்டுச் சென்றாரா, தெரிந்தே விட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பிறகு அதை அவர் போட்டுக் கேட்டார். அது மட்டும் நிச்சயம். தன் மனைவி செத்துப்போக நினைத்தாள் என்று அந்த நாடாவிலிருந்து அவருக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் காலையில் எழுந்து, காபி குடித்து, 'இருக்கு'ன்னு சொல்லு என்று திருத்திவிட்டுக் கல்லூரிக்குப் போனார்.

நீலத் தோல் அட்டை

சில வருஷங்கள் கழித்து ஆய்வேடு பைண்ட் ஆகி வீட்டுக்கு வந்தது. நீலத் தோல் அட்டை, பொன் எழுத்துகள். மாமியார் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டார்.

மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். ப்ரூஃப் பார்க்கிறவளுக்கு அச்சடித்த எதையும் பார்க்காமல் இருக்க முடியாது. ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். நடுநடுவே தமிழ் வாக்கியங்களை ஆங்கில எழுத்தில், மேலே கோடும் கீழே புள்ளியுமாகப் போட்டிருந்தார். அவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் புரிந்தது. முதலில் சிரிப்பு வந்தது. குழாயடியில் நான் போட்ட சண்டை இருந்தது. பேருந்து நடத்துனரிடம் சொன்னது இருந்தது.

அப்புறம் ஒரு பக்கத்தில், கொயந்த செத்துப் பூட்ச்சி. அதற்கு நாலு வரி கீழே, நானும் அதுகூடவே பூட்டிருக்கலாம்மா.

முதலாவது, ழகரம் யகரமாவதற்கு உதாரணம். இரண்டாவது, 'போயிருக்கலாம்' என்ற வினை எப்படிச் சுருங்குகிறது என்பதற்கு. பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, அம்மா தகவலாளி எண் மூன்று, நான் தகவலாளி எண் இரண்டு.

சாயங்காலம் அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"இது எங்கம்மா சொன்னது."

"ஆமா. நல்ல எக்ஸாம்பிள். ஒரே சென்டென்ஸ்ல ரெண்டு ஃபீச்சர் வருது. கைடே பாராட்டினார்."

"கீழ நான் சொன்னது கீது."

"இருக்குன்னு சொல்லு."

எனக்கு அந்த நிமிஷம் வரை கோபம் வரவில்லை, வலிதான் இருந்தது. அதைக் கேட்டதும் வந்தது.

"எங்க பேரு எங்க?"

"அக்னாலெட்ஜ்மென்ட்ல போட்டிருக்கேனே, பாக்கலையா?" முன்பக்கத்தைத் திருப்பினார். கைடு, துறைத் தலைவர், நூலகர், ஆசி வழங்கிய தாயார். தட்டச்சு செய்தவருக்குப் பெயர் இருந்தது. டேப் ரிகார்டர் இரவல் கொடுத்தவருக்கு முன்னெழுத்தோடு பெயர் இருந்தது. கடைசி வரியில், 'தாம்பரம் பகுதியைச் சேர்ந்த தகவலாளிகளுக்கும்.'

"மிசின் குடுத்தவருக்குப் பேரு உண்டு. பேசினவங்களுக்கு இல்லையா?"

"ரிசர்ச்ல அப்படித்தான் வசந்தா. இன்ஃபார்மன்ட் பேரை வெளிய சொல்லக் கூடாது. அது எதிக்ஸ்."

"பேரைச் சொல்லக் கூடாது. அயுததைச் சொல்லலாமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. கண்கள் என் உதட்டில் இருந்தன. அந்த 'அயுததை' அவருக்குக் கேட்டுவிட்டது.

ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்து ஒட்டிவிடலாம், பாயிடம் நானே போட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினேன். அந்த இரண்டு வாக்கியத்தையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். சமர்ப்பித்தாயிற்று, இனி ஒரு கமா கூட மாற்ற முடியாது என்றார். பிறகு என் தோளில் கை வைத்துச் சிரித்தார்.

"உனக்கு நான் தனியா நன்றி சொல்லணுமா? நீயும் நானும் வேறயா?"

மறுநாள் அச்சகத்தில் பாயின் மேஜையிலிருந்த பெரிய அகராதியை எடுத்து அந்த வார்த்தையைத் தேடினேன். ஒப்புக்கொள். உண்மை என ஏற்றுக்கொள். பெற்றதைத் தெரிவி. ஒருவரைக் கண்டுகொண்டதற்கு அடையாளம் காட்டு. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் நன்றி தெரிவி என்று இருந்தது. நான் அத்தனை வருஷமாகக் கடைசி அர்த்தத்தை மட்டும் தெரிந்து வைத்திருந்தேன். எனக்கு நன்றி வேண்டாம். முதல் அர்த்தம்தான் வேண்டியிருந்தது. கேட்டேன், கேட்டது என்று அவர் ஒருமுறை ஒப்புக்கொண்டால் போதும்.

கைதட்டல்

வைவாவுக்கு நான் போவேன் என்றதும் அவருக்குச் சந்தோஷம். அம்மாவும் வருகிறேன் என்றாள். அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. நாடாவைப் போட்டுக் காட்டுவார் என்று எனக்குத் தெரியாது.

நான் கேட்க வேண்டிய கேள்வியைச் சுத்தமான தமிழில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 'ஐயா, இந்த வாக்கியங்களைப் பேசியவர்களின் ஒப்புதல் பெறப்பட்டதா? அவர்களின் பெயர் ஏன் இல்லை?' ரயிலில் போகும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். ப்ரூஃப் பார்க்கிறவள். ஒரு பிழை இருக்காது.

நாடா இரண்டாம் முறை ஓடி முடிந்தது. அம்மாவின் நகம் என் கையில் பதிந்திருந்தது. தேர்வாளர், "மறுபடியும்," என்று விரலைச் சுழற்றினார்.

நான் எழுந்துவிட்டேன்.

"அத்த நிறுத்துங்க சார்! அது எங்கம்மா. இங்கதான் குந்திகினு கீறாங்க. செத்தது எங்கண்ணன்."

அறை அமைதியானது. அந்த அமைதி இன்னும் கொஞ்சம் நீடித்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்குமோ என்னவோ.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர்தான். முகத்தில் மரியாதை இருந்தது. "ஐ ஆம் சாரிம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க. உட்காருங்க," என்றார். பிறகு அடக்க முடியாமல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கவனிச்சீங்களா? 'குந்திகினு கீறாங்க'! இவ்வளவு நேரம் பேப்பர்ல பாத்தோம். இப்போ லைவா கேக்கறோம். ப்யூட்டிஃபுல்!"

மாணவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள். பாஸ்கரின் முகத்தில் போயிருந்த ரத்தம் திரும்பி வந்தது.

"என் மிஸஸ், சார்," என்றார். "அவங்களும் அவங்க மதரும்தான் என்னோட மெயின் இன்ஃபார்மன்ட்ஸ்."

எல்லோரும் கைதட்டினார்கள். பலமாக, மனசாரத் தட்டினார்கள். நான் கேட்ட அக்னாலெட்ஜ்மென்ட் எனக்குக் கிடைத்துவிட்டது.

அம்மாவுக்கு ஆங்கிலம் புரியவில்லை. எல்லோரும் தன்னைப் பார்த்துக் கைதட்டுவது மட்டும் புரிந்தது. எழுந்து நின்றாள். மடியிலிருந்த பை சரிந்து சாத்துக்குடிகள் நாற்காலிகளுக்கு அடியில் உருண்டன. கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருக்க, அவள் அந்தக் கூட்டத்துக்குக் கைகூப்பி வணக்கம் சொன்னாள்.

குரோம்பேட்டையில் இறங்கவில்லை

டீயும் போண்டாவும் கொடுக்க ஆரம்பித்ததும் நாங்கள் கிளம்பிவிட்டோம். எழும்பூரில் ரயில் ஏறினோம். பல்லாவரம் வரை அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தோல் பதனிடும் இடங்களின் நாற்றம் வந்தபோது முந்தானையால் மூக்கைப் பொத்தியவள், அதை எடுக்காமலே கேட்டாள்.

"அப்போ மிசினு ஓடிகினு இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மாப்ளைக்கு?" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அது ஒனக்கோசரம் சொன்னது," என்று மட்டும் சொன்னாள். "ஒனக்கோசரம் மட்டும்."

அஸ்தினாபுரத்துக்குக் குரோம்பேட்டையில் இறங்க வேண்டும். ரயில் நின்றது, கிளம்பியது. நான் இறங்கவில்லை. அம்மாவோடு தாம்பரம் போனேன்.

அதன் பிறகு

திரும்பிப் போனேனா என்று கேட்பீர்கள். போனேன். சில வாரங்களில் அவர் வந்தார். இப்போது டாக்டர் பாஸ்கர். 'சின்ன விஷயத்தைப் பெருசு பண்ணாதே' என்றார். அந்தக் காலத்தில் அதற்காக ஒரு பெண் புருஷனை விட்டு வந்தாள் என்றால் மார்க்கெட்டில் அம்மாவுக்குத்தான் கஷ்டம். 'அடிச்சாரா, குடிச்சாரா' என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. என் வார்த்தையை எடுத்துக்கொண்டார் என்று யாரிடம் சொல்ல?

ஆனால் அதன் பிறகு அவர் முன்னால் நான் என் பேச்சைப் பேசவில்லை. அச்சடித்த மாதிரி பேசினேன். "சாப்பாடு தயாராக இருக்கிறது." "நாளை தண்ணீர் வராதாம்." முதலில் கேலி செய்கிறேன் என்று நினைத்தார். பிறகு, "ஏன் புஸ்தகம் மாதிரி பேசறே, இயல்பா பேசேன்," என்று எரிச்சல்பட்டார். நான் திருந்திவிட்டேன் என்றேன். அவர் சாகும்வரை அப்படித்தான் பேசினேன். அவ்வளவு வருஷம் அப்படிப் பேசுவது எனக்கும் லேசான காரியமாக இல்லை.

அம்மாவும் அவர் வந்தால் வாயைத் திறப்பதில்லை. தலையை ஆட்டுவாள். காபி கொடுப்பாள். "அத்தைக்குக் காது மந்தமாயிடுச்சா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேடவாக்கத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினோம். அதே சமயம் ஆய்வேடு புத்தகமாக வந்தது. இந்த முறை நன்றிப் பக்கத்தில் நான் இருந்தேன். 'என் மனைவிக்கு, அவளுடைய பொறுமைக்காக.' கொண்டுவந்து காட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மிக்க நன்றி," என்றேன். அந்த இரண்டு வாக்கியங்களும் அதே இடத்தில் இருந்தன.

பிறகு சில வருஷங்களில் அம்மா போய்விட்டாள். மார்க்கெட்டிலிருந்து வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு வீட்டில் தேடினால் அவளுடைய ஒரே ஒரு போட்டோ இருந்தது. முகம் இருக்கிறது. குரல்? அவளுடைய குரல் இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது.

"எல்லா கேசட்டையும் அப்பவே டிபார்ட்மென்ட்ல ஒப்படைச்சாச்சே," என்றார் பாஸ்கர். "இப்போ அது அவங்க ப்ராப்பர்ட்டி. நான் போய்க் கேட்டா நல்லா இருக்காது. நீ வேணா ஒரு லெட்டர் எழுதிப் போடேன்."

என் அம்மாவின் குரலைக் கேட்க நான் மனுப் போட வேண்டும். போட்டேன். இரண்டு முறை போட்டேன். பதில் இல்லை. நேரிலேயே போனேன்.

அங்கே ஒரு குமாஸ்தா இருந்தார். பாவம், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப் போட்டுவிட்டு, பரண்மேல் ஏறி, செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கினார். தூசியில் தும்மினார். கேசட்டின் மேல் பாஸ்கரின் கையெழுத்து. 'தகவலாளி 3. பெண். பழ வியாபாரம். எழுதப் படிக்கத் தெரியாதவர்.' அதன் மேல் பாதி மறைக்கிற மாதிரி இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தது.

ஒரு பழைய ரிகார்டரில் போட்டுக் கொடுத்தார். நான் காதை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன்.

ஓர் ஆண் குரல், மைக்கில். "...சிறப்பு விருந்தினர் அவர்களுக்கும், சாமியானா அமைத்துக் கொடுத்த நண்பர்களுக்கும், ஒலிபெருக்கி அமைத்தவர்களுக்கும், சுவையான சிற்றுண்டி வழங்கியவர்களுக்கும், இங்கே பெயர் விட்டுப்போன அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்து..."

குமாஸ்தாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "முந்தி இருந்த ஹெட் ரிடையரானப்போ வச்ச ஃபங்ஷன்மா. அவசரத்துக்குக் காலி கேசட் கெடைக்கல போலிருக்கு."

கடைசிவரை கேட்டேன். கைதட்டல். யாரோ இருமினார்கள். அப்புறம் நாட்டுப்பண். அதற்குப் பிறகு எங்கேயாவது ஒரு துண்டு மிச்சம் இருக்காதா என்று இரைச்சலைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு வாயப்பயம், ஒரு பலாப்பயம் போதும். மறுபக்கத்தையும் போட்டேன். அதிலும் அதே விழா.

"எடுத்துட்டுப் போயிடுங்கம்மா. எங்களுக்கும் இது வேணாம்," என்று கேசட்டை என் பக்கம் நகர்த்தினார். ஒரு தாளையும் பேனாவையும் வைத்தார். "பெற்றுக்கொண்டேன்னு எழுதி ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. அக்னாலெட்ஜ்மென்ட் வேணும். ஆடிட்ல கேப்பாங்க."

நான் பேனாவை எடுத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, தாளின் மேலேயே திரும்ப வைத்தேன்.

"நான் எத்தையும் வாங்கிக்கலையே சார்," என்றேன்.

எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "அப்போ இது யாருதுன்னும்மா எழுதி வைக்கறது?"

"கன்னியம்மா," என்றேன். "தாம்பரம் மார்க்கெட்டு."

எழுதினாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.